ஐந்து கோடும் ஒரு பிடி மொச்சையும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற வித்தைகளில் ஒன்று ஐந்து கோடுகளில் புள்ளி வைத்து இசையை எழுதுவது. வாத்தியத்தைத் தொடாமலே அவர் கடகடவென எழுதும் தாளைப் பார்த்துத்தான் தமிழ் தெரியாத புடாபெஸ்ட் கலைஞர்கள் 2005-இல் வெளிவந்த ‘திருவாசக’த்துக்கு வாசித்தார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி ஒலித்ததும் அப்படித்தான்.

அதென்ன ஐந்து? ஏழு ஸ்வரத்துக்கு ஏழு கோடு போட்டால் ஆகாதா?

ஒரு பிடி மொச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலவற்றைத் தட்டில் வீசி, பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்லுங்கள். மூன்று, நான்கு என்றால் எண்ணவே வேண்டாம். ஏழு என்றால் மனசு எண்ணத் தொடங்கிவிடும். பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ், அவரை விதைகளைப் பெட்டிக்குள் வீசி, ஆயிரம் தடவைக்கு மேல் தம்மையே சோதித்து 1871-இல் எழுதினார். நான்கு வரை ஒரு பிழையும் இல்லை. ஐந்தில் சறுக்கல் ஆரம்பம்.

கோடுகளையும் இப்படி எண்ணாமலே அடையாளம் காண வேண்டுமே. 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி கீதோ நான்கு கோடு இழுத்தார். அடையாளத்துக்கு ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள். பிற்காலத்தில் விசைப்பலகை இசைக்கு ஆறு, எட்டு என்று இழுத்துப் பார்த்தவர்களும் உண்டு. நிலைத்தது ஐந்துதான். ஐந்தில் மேலது, கீழது, நடுவது மூன்றும் தாமாகவே கண்ணில் படும். வாசிப்பவர்களின் கண்தான் மற்றதைக் கழித்துக்கட்டியது என்பது என் எண்ணம்.

ஸ்வரத்தின் ஏற்றத்தை நிறத்தாலோ பருமனாலோ காட்டாமல் இடத்தால் காட்டியதும் கெட்டிக்காரத்தனம். கிளீவ்லாந்து, மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் 1984-இல் வரைபடங்களைக் காட்டிச் சோதித்தபோது, ஒரே அளவுகோலில் இடத்தை ஒப்பிட்டவர்களே குறைவாகத் தவறினார்கள். நீளமும் கோணமும் அதற்குப் பின்னால்தான். நம் சரிகமவை எழுத்தாகப் படிக்க வேண்டும். கோட்டு முறையிலோ பார்த்தாலே மேடு பள்ளம் தெரியும். (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இந்தப் புள்ளிகளுக்குள் அடங்காது என்பது வேறு வழக்கு.)

ஐந்தையும் தாண்டி ஏறும் ஸ்வரத்துக்குச் சின்னத் துணைக்கோடுகள் போடுவார்கள். அவை நான்கைந்தானால் மறுபடி மொச்சைக் கதை. அதனால் ஸ்வரத்தைக் கீழேயே எழுதி, தலைக்கு மேல் 8 என்று குறித்து, ஒரு ஸ்தாயி ஏற்றி வாசிக்கச் சொல்வார்கள். மேல் ஸ்தாயி ஸ-வின் உச்சியில் நாம் வைக்கும் புள்ளிக்கும் அதே வேலைதான்.