எம்மைப் பற்றிய நூல்கள் எம் வீட்டுக்கு வரட்டும்

புதிய நாடொன்றிற்கு வந்து சேர்ந்த குடும்பத்திற்கு முதல் வருடத்தில் வாசிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் படிவங்களும் கடிதங்களுமே. குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பாடசாலை அறிவித்தல், மின்சாரக் கட்டணப் பட்டியல் என்று மேசை நிறைந்துவிடுகிறது. இவற்றின் நடுவே தடித்த ஆய்வு நூல்களைப் பற்றி எழுத வருவது பொருத்தமா என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். பொருத்தம் மட்டுமல்ல, அவசியமும் கூட என்பதே எமது எண்ணம்.

எங்கள் வீடுகளில் வளரும் பிள்ளைகள் என்றோ ஒருநாள் "நாங்கள் ஏன் இங்கே வந்தோம்?" என்று கேட்கத்தான் போகிறார்கள். எம்மில் பலரிடம் அதற்கு ஒரு பெருமூச்சு இருக்கிறது; ஒரு கோபம் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டுப் பாடசாலைகளோ எதற்கும் ஆதாரம் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குகின்றன. எந்த ஆண்டு? எத்தனை பேர்? யார் எழுதியது? இக்கேள்விகளின் முன்னே எமது நினைவுகள் மட்டும் போதாமல் போய்விடுகின்றன. நாம் பட்டு அறிந்ததை ஆண்டும் எண்ணும் காரணமும் இட்டு எழுதி வைத்த அறிஞர்கள் இருக்கிறார்கள். கல்வி, பொருளாதாரம், உடல்நலம், சமூகம் ஆகிய நான்கு துறைகளிலும் அவர்கள் எழுதிய நூல்கள் சிலவற்றை இங்கே அறிமுகம் செய்கிறோம்.

பல்கலைக்கழக வாசலில் நடந்தது என்ன?

'தரப்படுத்தல்' என்ற சொல்லைக் கேளாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஆனால் அதன் கணக்கைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அக்கணக்கை ஆராய்ந்து எழுதியவர் சி. ஆர். டி சில்வா என்ற சிங்கள வரலாற்றாசிரியர். மைக்கேல் ரொபேட்ஸ் தொகுத்து 1979 இல் கொழும்பில் வெளிவந்த 'கலெக்டிவ் ஐடென்ரிற்றீஸ், நஷனலிசம்ஸ் அன்ட் புரொரெஸ்ற் இன் மொடர்ன் ஸ்ரீலங்கா' என்ற பெருந்தொகுப்பிலும் அவருடைய கட்டுரை உண்டு.

1970-71 கல்வியாண்டு அனுமதியில் மருத்துவ பீடத்திற்குச் செல்லச் சிங்கள மொழியில் தோற்றிய மாணவருக்கு 400 இற்கு 229 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழியில் தோற்றியவருக்கோ 250 தேவைப்பட்டது. பொறியியலில் அது 227 உம் 250 உம் ஆக இருந்தது. பின்னர் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்டக் கோட்டாவும் வந்தன. 1969 இல் மருத்துவம், பொறியியல் இரண்டிலும் ஏறத்தாழப் பாதி இடங்களைப் பெற்றிருந்த தமிழ் மாணவரின் பங்கு, 1975 அளவில் பொறியியலில் ஆறில் ஒன்றிற்கும் கீழே இறங்கியது.

இதே ஆய்வுகள் நாம் அதிகம் பேசாத ஒன்றையும் சொல்கின்றன. மாவட்டக் கோட்டா யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் தாக்கியபோது, வசதி குறைந்த மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு வாசல் சற்றுத் திறந்தது. அவர்களுள் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தனர். நல்ல பாடசாலையும் விஞ்ஞான ஆய்வுகூடமும் எல்லா ஊரிலும் இருக்கவில்லை என்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதியே. அநீதி நடந்தது என்பதை இது மாற்றிவிடாது. ஆனால் முழுக் கதையையும் தெரிந்து சொல்பவரின் பேச்சுக்கே கேட்பவர் மத்தியில் மதிப்பு உண்டு.

இதில் எமது வீடுகளுக்கு நேரடியான பாடமும் ஒன்று உண்டு. டாக்குத்தர் அல்லது இஞ்சினியர் என்ற இரண்டு சொற்களுக்குள் பிள்ளைகளின் எதிர்காலத்தை அடக்க நினைக்கும் பெற்றோர் எம்மிடையே அநேகர். அந்த ஆசை எங்கிருந்து வந்தது? காணி குறைந்த, மழை குறைந்த குடாநாட்டில் அரசாங்க உத்தியோகமும் தொழில்சார் படிப்புமே முன்னேறும் வழியாக இருந்தன. அந்த வழியும் எழுபதுகளில் அடைபட்டது. அப்போது நிறைவேறாத ஏக்கத்தை, வேறு பல வழிகள் திறந்துள்ள நாட்டில் வளரும் பிள்ளையின் தோளில் ஏற்றுவது நியாயமா? வரலாற்றைப் படித்த பெற்றோர் இக்கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்வர்.

வறிய நாடு, நீண்ட ஆயுள்

இரண்டாவது நூல் பொருளாதாரம் பற்றியது. ஜோன் டிரேஸ், அமர்த்தியா சென் இருவரும் எழுதி 1989 இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்த 'ஹங்கர் அன்ட் பப்ளிக் அக்சன்'. பசியும் அதைப் போக்க ஓர் அரசும் மக்களும் செய்யக்கூடியதும் என்பதே அதன் பொருள். சென் 1998 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

செல்வம் பெருகும்வரை காத்திராமலே ஒரு வறிய நாடு தன் மக்களின் ஆயுளைக் கூட்டலாம் என்பதற்குச் சென் தம் எழுத்துகளில் திரும்பத் திரும்பக் காட்டும் உதாரணங்களுள் இலங்கையும் ஒன்று. 1940 இல் ஆயிரம் பேருக்கு 20.6 ஆக இருந்த இறப்பு வீதம் 1960 இல் 8.6 ஆகக் குறைந்தது. 1942 இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, இலவச வைத்தியசாலை, ஊர்தோறும் சென்ற மருத்துவிச்சி, 1945 இல் வந்த இலவசக் கல்வி, 1946 இல் நாடெங்கும் டி.டி.ரி. தெளித்து மலேரியாவை அடக்கியமை ஆகியவை சேர்ந்தே இதைச் சாதித்தன. இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்று பொருளியலாளர்கள் நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள்.

கூப்பன் கடை வரிசையும் இலவசப் பாடப் புத்தகமும் எம்மவர்க்குச் சாதாரண விடயங்கள். வெளியுலகின் அறிஞர்கள் அவற்றை அதிசயமாகப் பார்த்து எழுதினார்கள். நாம் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தவர்கள் என்று இந்த நாட்டார் யாராவது நினைத்தால், அல்லது எம் பிள்ளைகளே நினைத்தால், இந்நூல் அதற்குப் பதில் சொல்லும்.

ஆயினும் சராசரி என்ற சொல் பலரை மறைத்துவிடும். நாட்டின் இறப்பு வீதம் குறைந்த அதே காலத்தில், மலையகத் தோட்டங்களில் குழந்தை இறப்பு நாட்டின் சராசரியை விட நெடுங்காலம் உயர்ந்தே இருந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. வள்ளி கணபதிப்பிள்ளை 2009 இல் வெளியிட்ட 'சிற்றிசன்ஷிப் அன்ட் ஸ்ரேற்லஸ்னஸ் இன் ஸ்ரீலங்கா' இவ்வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. அகதிக் காகிதத்துடன் வாழ்வதென்றால் என்ன என்று இன்று அறிந்த நாம், தேயிலைத் தோட்டத்து மக்கள் அதனைத் தம் சொந்த மண்ணிலேயே அனுபவித்தார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

நோவைச் சொல்லும் மொழி

மூன்றாவது துறை உடல்நலமும் மனநலமும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராகவும் பல்கலைக்கழக ஆசிரியராகவும் பணிபுரிந்த தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' போர் எம் மக்களின் மனங்களில் ஏற்படுத்திய வடுக்களை ஆராய்கிறது. 2014 இல் வந்த 'ஸ்கார்ட் கொம்யூனிற்றீஸ்' என்ற நூலில், தனி மனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் முழுச் சமூகமுமே காயப்படுவதை அவர் எடுத்துரைக்கிறார்.

'மனம் சரியில்லை' என்று எம்மவர் டாக்குத்தரிடம் சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சுக்குள் ஏதோ அழுத்துது, உடம்பெல்லாம் நோ, நித்திரை இல்லை என்றே சொல்வர். இந்த நாட்டு வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்ப்பார், படம் பிடித்துப் பார்ப்பார், ஒன்றுமில்லை என்று அனுப்புவார். ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல. தாங்கமுடியாத துயரம் உடலின் நோவாக வெளிப்படலாம் என்பது மருத்துவ நூல்கள் ஏற்றுக்கொண்ட விடயம். இதைத் தெரிந்த குடும்பம், எங்கிருந்து வந்தோம், எதைக் கண்டோம் என்பதையும் வைத்தியரிடம் சேர்த்துச் சொல்லும். அப்படிச் சொல்லும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல், மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தரும்படி கேட்பது நல்லது. அம்மா கண்டதைப் பிள்ளை தன் வாயால் சொல்ல நேர்வது இன்னொரு காயம்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் பற்றிய பாடநூல்களைத் தம் மாணவரின் துணையுடன் தமிழில் ஆக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே ஆய்வு நூல் எம் மொழியில் இருந்தது.

கண்ணாடியில் எம் முகம்

நான்காவது, எமது சமூகத்தைப் பற்றியவை. ஒய்விந் புக்லெருட் 1999 இல் எழுதிய 'லைவ் ஒன் த அவுட்சைட்' நோர்வேக்கு வந்த தமிழரைப் பற்றியது. மாணவராய் வந்தவர்களும், வட கோடியிலுள்ள பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று உழைத்தவர்களும், அவர்கள் கட்டிக் காத்த குடும்பங்களும் அதில் வருகிறார்கள். கிறிஸ்தோபர் மக்டவல் 1996 இல் வெளியிட்ட 'எ தமில் அசைலம் டயஸ்போரா' சுவிற்சர்லாந்துக்கு வந்தவர்களைப் பற்றியது. எமக்கு முன்னே வந்தவர்கள் எப்படித் தட்டுத் தடுமாறி நிமிர்ந்தார்கள் என்பதைப் புதிதாக வந்தோர் இவற்றில் காணலாம்.

பிறையன் ப்வாவென்பேர்கர் 1982 இல் எழுதிய 'காஸ்ற் இன் தமில் கல்ச்சர்' யாழ்ப்பாணத்தின் சாதியமைப்பை ஆராய்வது. 1968 இல் மாவிட்டபுரம் கோயிலுள் நுழைய முயன்ற மக்கள் தடுக்கப்பட்ட நிகழ்வைப் பற்றியும் பின்னர் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் எமக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றிய நூலை விரும்பிப் படித்துவிட்டு, எம்மவர்க்கு நாமே இழைத்ததைப் பற்றிய நூலை மூடி வைப்பது நேர்மையாகாது. கல்யாணப் பேச்சு வரும்போது "எந்தப் பகுதி?" என்று இந்த நாட்டிலும் விசாரிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெறுவதும் படிப்பதும்

இந்நூல்கள் விலை கூடியவை. வாங்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் அங்கத்தவராகச் சேருங்கள். அநேக இடங்களில் அது இலவசம். பெரும்பாலும் முகவரிக்குச் சான்று ஒன்று போதும். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு மூன்றையும் அந்நாட்டு மொழியில் பிள்ளையைக் கொண்டு ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அங்கே நூல் இல்லாவிட்டால் வேறு நூலகத்திலிருந்து எடுத்துத் தரும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. சில வாரங்கள் ஆகலாம், சிறு கட்டணம் கேட்கலாம். ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டத்தில் பெருந்தொகையான தமிழ் வெளியீடுகளை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம்.

முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும் என்றும் இல்லை. பின்னாலுள்ள சொல்லடைவைத் திறந்து உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள், அங்கிருந்து தொடங்கலாம். பிறகு முன்னுரையும் முடிவுரையும். எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், யாரைக் கேட்டு எழுதினார் என்ற மூன்று கேள்விகளை எப்போதும் கையில் வைத்திருங்கள். அறிஞரும் பிழை விடுவதுண்டு.

எல்லாவற்றிலும் நல்ல வழி பிள்ளையுடன் சேர்ந்து படிப்பது. பிள்ளைக்கு மொழி தெரியும். எமக்கு விடயம் தெரியும். கிழமைக்கு நாலு பக்கம் பிள்ளை வாசிக்கட்டும். அதன் பொருளைத் தாயும் தகப்பனும் தமிழில் விளக்கட்டும். "அது அப்படியில்லை, நாங்கள் கண்டது வேறு" என்று நூலோடு வாதாடவும் செய்யுங்கள். வீட்டில் தமிழ் வளர இதைவிட நல்ல வகுப்பு வேறில்லை.

எம் மக்கள் அறிவுக்காகக் கொடுத்த விலை சிறிதல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. தயா சோமசுந்தரம் உள்ளிட்ட யாழ். பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதி 1990 இல் வெளிவந்த 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான உடற்கூற்றுத்துறைத் தலைவர் ராஜினி திராணகம, 1989 செப்ரெம்பர் 21 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நூலைப் பலரும் கையிலெடுத்த காலத்தில் அவர் உயிரோடு இல்லை. நூலை எரித்தவர்களுக்கும் எழுதியவரைச் சுட்டவர்களுக்கும் எழுத்தின் பெறுமதி தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இனி நாம்தான். இந்தக் கிழமை பிள்ளையுடன் நூலகத்திற்குப் போய் வாருங்கள்.