குழந்தைகளுக்கான உறைவிடச் சிகிச்சையில் குடும்பத்தின் இடம்

முன்னுரை

கட்டுக்கடங்காத சினம், பள்ளி செல்ல மறுத்தல், வீட்டைவிட்டு ஓடுதல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் முதலியன குழந்தைகளின் மனவெழுச்சி, நடத்தைச் சிக்கல்களுள் சிலவாகும். இவற்றுள் பல, பெற்றோர் வழிகாட்டலாலும் புறநோயாளர் சிகிச்சையாலும் குறையக்கூடியவை. சில குழந்தைகளுக்கே ஓரிடத்தில் தங்கிப் பெறும் சிகிச்சை தேவைப்படுகிறது. அச்சிகிச்சையில் குடும்பத்திற்குரிய இடத்தையும், அதற்குள்ள தடையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காப்பகமும் சிகிச்சையகமும்

அடங்காத பிள்ளையை விடுதியிலோ இல்லத்திலோ சேர்த்தால் திருந்திவிடும் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தின் (2015) கீழ் இயங்கும் இல்லங்கள் பராமரிப்பையும் பாதுகாப்பையும் நோக்கமாகக் கொண்டவை. குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே அமைய வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கொள்கையாகும். மனநோய்க்கான உள்நோயாளர் சிகிச்சையை மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) நெறிப்படுத்துகிறது. அதன் 87ஆம் பிரிவின்படி, சமூக அளவிலான மாற்று வழிகள் பயனளிக்காதபோதே 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கலாம். அவர்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்தே தங்கவைக்க வேண்டும். 72 மணி நேரத்திற்குள் மனநல மறுஆய்வு வாரியத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் உதவியாளரோ சிகிச்சைக் காலம் முழுவதும் குழந்தையுடன் தங்குதல் கட்டாயமாகும்.

முன்னோடி நடைமுறைகள்

இவ்விதி புதிதாகத் தோன்றியதன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளரின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் குடும்பத்தினர் உடன்தங்கும் முறையைத் தொடக்கத்திலிருந்தே பின்பற்றியது. அமெரிக்காவில் நிக்கோலஸ் ஹாப்ஸ் 1961இல் தொடங்கிய திட்டத்தில், உறைவிடப் பள்ளியில் தங்கிய குழந்தைகள் வார இறுதியில் வீடு திரும்பினர். சிக்கல் குழந்தையிடம் மட்டும் இல்லை, வீடு, பள்ளி, அண்டையகம் ஆகியவற்றோடு அக்குழந்தை கொண்ட உறவிலும் உள்ளது என்பதே அவரது கருத்து. வீடு மாறாதிருப்பின், சிகிச்சையகத்தில் பெற்ற முன்னேற்றம் நிலைப்பதரிது.

நடைமுறைத் தடை

கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு நாட்கூலிக்குச் செல்லும் ஒரு தாயைக் கருதுக. சட்டம் அவரைக் குழந்தையுடன் தங்கச் சொல்கிறது. தங்கும் நாள்களுக்குரிய கூலியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அவர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் காப்பீடு பெற்றவராயினும், நோய்க்கால உதவித்தொகை அவருடைய நோய்க்கே உரியது. குழந்தைக்கு மருத்துவ உதவி கிடைக்கும், உடன்தங்கும் தாய்க்கு ஊதிய ஈடு கிடைக்காது. இந்நிலையில் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துதல் அல்லது குழந்தையை இல்லத்தில் விட்டுவருதல் என்னும் இரண்டுமே எளிய வழிகளாகிவிடுகின்றன. குழந்தையின் நலன் கருதி அமைந்த விதி, ஏழைக் குடும்பத்திற்குச் சுமையாக மாறுவது இவ்விடத்திலேயாம்.

முடிவுரை

உறைவிடச் சிகிச்சை குழந்தையைக் குடும்பத்திற்குத் திருப்பியளிப்பதற்கான இடைக்கால ஏற்பாடாகும். எனவே அதன் வெற்றியைக் குழந்தை அங்கு அடங்கியிருந்ததைக் கொண்டன்றி, வீட்டிலும் பள்ளியிலும் மீண்டும் நிலைபெற்றதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். உடன்தங்கும் பெற்றோர்க்கு ஊதிய ஈடும் விடுப்பும் வழங்குதல், அச்சிகிச்சையின் ஒரு கூறாகவே கருதத்தக்கதாகும்.