இரண்டாவது ஆள் எங்கே?

நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தில் எந்த நிரலை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் வெளியிடலாம் என்பதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. "அக்கா, அட்மின் அக்சஸ் குடுத்துடுங்க, இன்னைக்கே ரிலீஸ்" என்று சாயங்காலம் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்வதில் பாதி நேரம் போகும். திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள்: "என்ன செய்யப்போறே? எப்போ முடியும்?" கேட்டவர் மேல் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. அவருடைய பாஸ்வேர்டை நாளைக்கு வேறு யாராவது திருடினால், அவருக்கு நான் கொடுத்த அதிகாரம் முழுவதும் திருடனுக்கும் போய்விடும்.

ஒரு மென்பொருளின் நிரல் முழுவதும் ரெப்போ என்ற ஓரிடத்தில் இருக்கும். கிட்ஹப் தளத்தில் ஒரு நிறுவனம் ரெப்போ வைத்திருந்தால் அதில் ஐந்து படி அனுமதிகள் உண்டு: ரீட், ட்ரையாஜ், ரைட், மெயின்டெயின், அட்மின். ரீட் இருந்தால் நிரலைப் படிக்க மட்டும் முடியும், திருத்த முடியாது. அட்மின் இருந்தால் ரெப்போவையே அழித்துவிடலாம். நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ரைட் போதும். அப்போதும் எங்களிடம் மெயின் பிராஞ்ச், அதாவது வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும் நிரல், பூட்டியே இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்டால்தான் அதில் சேரும். வங்கிப் பெட்டகத்தின் இரண்டு சாவிகள் இரண்டு அதிகாரிகளிடம் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம் மட்டும் கொடு, முக்கியமான காரியத்துக்கு இருவர் சேர வேண்டும் என்று வை: இந்த இரண்டையும் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள்.

ஆனால் அந்த இரண்டாவது ஆள் இருந்தால்தானே?

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள். லினக்ஸ் ஓடும் கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதைப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்ற ஒருவர்தான், அதுவும் சம்பளமில்லாமல். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். எல்லாமே ஒழுங்கான வேலை. 2022-இல் வேறு சில பெயர்களிலிருந்து காலினுக்கு நெருக்கடி வந்தது: ஏன் இத்தனை தாமதம், வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுக்கக் கூடாதா? தன் மனநலச் சிரமத்தையும், இது கூலியில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்பதையும் காலின் வெளிப்படையாகவே சொன்னார். அவர்கள் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அனுமதிகள் ஜியா டான் கைக்கு மாறின. 2023 மார்ச்சிலிருந்து புதிய பதிப்புகளை வெளியிட்டவர் ஜியா டான். இன்றுவரை அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று வெளியே தெரியாது.

2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பும் மார்ச்சில் 5.6.1 பதிப்பும் வந்தன. இரண்டிலும் ஒரு கள்ளவாசல் இருந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக, அந்த வாசலுக்கு உரியவர் மட்டும் அனுமதியே இல்லாமல் உள்ளே வந்து கட்டளையிட முடியும். அதை ஒளித்த விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நஞ்சு, சோதனைக் கோப்புகள் போலவே தோன்றும் கோப்புகளுக்குள் ரெப்போவில் கிடந்தது. அதை எழுப்பிவிடும் வரிகளோ ரெப்போவில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய பொதியில் மட்டுமே இருந்தன. மெயின் பிராஞ்சை வரி வரியாகப் படித்தவருக்கும் அவை கண்ணில் பட்டிருக்காது. திருத்தும் அனுமதியைவிட வெளியிடும் அனுமதி கனமானது என்று இப்போது எல்லாக் குழுக்களிடமும் பிடிவாதமாகச் சொல்கிறேன். பொதியைக் கட்டுவது ஒரு தனி ஆளின் மடிக்கணினியாக இருக்கக் கூடாது.

கள்ளவாசலைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட், மைக்ரோசாப்டில் வேலை பார்க்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளப் பொறியாளர். எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாக எடுப்பது அவருக்கு உறுத்தியது. விடாமல் துருவி, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். லினக்ஸ் வகைகளான டெபியனின் சோதனைப் பதிப்புகளிலும் ஃபெடோராவின் ராஹைட் என்ற சோதனைப் பதிப்பிலும் கள்ளவாசல் ஏற்கெனவே புகுந்திருந்தது. பெரும்பாலோர் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளை எட்டவில்லை. பிராய்ண்டின் பொறுமைக்கு நான் கை கூப்புகிறேன்.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று இருக்கிறது. ஜியா டானுக்குக் கிடைத்தது கிட்ஹப்பில் இருந்தவையும், அங்கே ஓடிய எக்ஸ்இசட் துணைத்தளமும் மட்டும்தான். திட்டத்தின் முதன்மை இணையதளமும், நிரலை வைக்கக் காலின் தனியே நடத்திய கிட் சர்வரும் கடைசிவரை காலின் கையில்தான் இருந்தன. அவ்வளவு நெருக்கடியிலும் அந்த மனிதர் முழுவதையும் கொடுத்துவிடவில்லை. அதனால்தான் எங்கே நின்று சுத்தம் செய்யத் தொடங்குவது என்று அவருக்கு ஓர் இடம் மிஞ்சியது. அதே ஆண்டு மே மாதம் கள்ளவாசல் நீக்கிய 5.6.2 பதிப்பை அவரே வெளியிட்டார்.

காலினைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் உழைப்பைப் பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் இலவசமாக எடுத்துக்கொண்டன. அவர் எழுதியதைப் படித்துப் பார்க்க ஓர் ஆளை ஒருவரும் அனுப்பவில்லை. எங்கள் நிறுவனத்திலும் எத்தனையோ இலவச மென்பொருள்களை நம்பித்தான் வேலை நடக்கிறது. அவற்றில் ஒரே ஆள் பராமரிப்பவை எவை என்று இப்போது பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றுக்கு ரிவ்யூ பார்த்துக் கொடுக்க எங்கள் பொறியாளர்களுக்கு அலுவலக நேரத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன்.