ஊரிலிருந்து வந்த காய்ச்சலும் பி.சி.ஆர். பரிசோதனையும்

யாழ்ப்பாணம் போய் வந்து இரு வாரத்துக்குள் காய்ச்சலா? சிட்னி, மெல்பேர்ண் நுளம்புகள் டெங்குவைப் பரப்புவதில்லை. பயணத்தைச் சொல்லாவிட்டால் இங்குள்ள வைத்தியருக்கு அது நினைவுக்கு வராது. எமது நோயாளர் பலர் கேட்டால்தான் சொல்கிறார்கள்! 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகிக்கப்பட்டது.

இரத்தத்தில் சிறிதளவே உள்ள வைரசின் மரபுப்பொருளை பி.சி.ஆர். டி.என்.ஏ.யாக மாற்றி, சூடாக்கியும் ஆற்றியும் பிரதி எடுக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். ஆனால் இது பெரும்பாலும் முதல் ஐந்து நாட்களுக்கே பொருந்தும். பிறகு வைரஸ் இரத்தத்திலிருந்து மறைவதால் முடிவு 'இல்லை' என்று வரலாம். அப்போது உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியைத்தான் தேட வேண்டும். எனவே காய்ச்சல் தொடங்கிய திகதியையும் சொல்லுங்கள்.

முடிவு வரும்வரை பனடோல் மட்டுமே. அஸ்பிரின், நியூரோஃபன் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.