ஸ்கைலாப் கண்ட சூரியன்

மருதமுனை முதல் நிந்தவூர் வரையுள்ள நமது கரையோர ஊர்களில் கிரகணத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் கூடுவோர் அறிவர், சூரியன் முழுதும் மறைந்திருக்கும் காலம் எத்துணை சொற்பமென்பதை. உலகில் எங்கும் அது ஏழரை நிமிஷத்தைத் தாண்டுவதில்லை. அந்தச் சில நிமிஷங்களிலேதான் சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டமாகிய கொரோனா வெறுங்கண்ணுக்குத் தெரியும். 1955 ஜூன் 20 இல் அதனைக் காண இலங்கைக்கு வந்த அந்நிய விஞ்ஞானிகள் பலரை மேகம் ஏமாற்றியனுப்பியது.

மேகத்துக்கும் காற்றுக்கும் மேலே சென்றால் என்ன என்ற கேள்விக்கு விடையாக, 1973 மே 14 இல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையம், சுமார் 435 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே, நமது வாயுமண்டலம் தடுத்துவிடும் எக்ஸ் கதிர்களும் புற ஊதாக் கதிர்களும் உட்படச் சூரிய ஒளியை எட்டுக் கருவிகளால் ஆராய்ந்தது. அவற்றுள் ஒன்று, சூரிய வட்டத்தைத் தட்டொன்றால் மறைத்துத் தானாகவே கிரகணத்தை உண்டாக்கிக்கொண்டது.

முறையே 28, 59, 84 நாட்கள் அங்கே தங்கிய மூன்று குழுவினரும் வெறும் காவற்காரரல்லர். படங்கள் பிலிமில் பதிந்தமையால், விண்வெளி உடையணிந்து வெளியே சென்று அந்தச் சுருள்களை எடுத்துவருவதும் அவர்கள் கடமையாயிற்று. 1974 ஜனவரி 21 இல், அவர்களுள் ஒருவரும் தாமே சூரிய பௌதிக அறிஞருமான எட்வர்ட் கிப்சன், திரையில் ஓரிடம் பிரகாசிக்கப் போவதை ஊகித்துக் காத்திருந்து, சூரியச் சுடர்வெடிப்பொன்றைத் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்தார். விஷயமறிந்த ஒருவர் கருவியருகே இருந்ததன் பயன் இதுவென்றே நான் கருதுகிறேன்.

பின்னர், எதிர்பார்த்ததற்கும் மிஞ்சிய சூரிய உக்கிரத்தால் மேல்வாயுமண்டலம் சூடேறி விரிந்து, ஆளற்றிருந்த நிலையத்தின் வேகத்தைத் தடுத்தமையால், 1979 ஜூலை 11 இல் அது உடைந்து, இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் விழுந்தது. ஆராயப்பட்ட சூரியனே ஆராய்ந்த நிலையத்தை வீழ்த்திற்று என்பது மிகையன்று.

இன்று இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில், ஆளின்றியே சூரியனை ஆராயும் அப்பணியைச் செய்கிறது. எனினும் அதன் பின்னால் மனிதர் உண்டு. 2023 செப்ரம்பர் 2 இல் அது ஏவப்பட்டபோது திட்டப் பணிப்பாளராயிருந்தவர், தமிழகத்துச் செங்கோட்டையில் பிறந்து அங்கேயே பள்ளிக்கல்வி பெற்ற நிகார் ஷாஜி. விஞ்ஞானப் பிரிவில் சேர விரும்பும் மகளைத் தயங்கித் தடுக்கும் வாப்பாமார், இந்தப் பெயரை ஒருமுறை விசாரித்தறிய வேண்டுகிறேன்.