தனிநபர் உடற்பயிற்சியாளர் சான்றிதழ்

தனிநபர் உடற்பயிற்சியாளர் சான்றிதழ் என்பது, ஒருவரின் உடல்நிலைக்கு ஏற்ற பயிற்சித் திட்டத்தை வகுத்து, அதைப் பாதுகாப்பாகச் செய்யக் கற்றுத்தரும் தகுதி பயிற்சியாளரிடம் உள்ளது என்பதைத் தேர்வின் வழியாக உறுதிசெய்யும் ஆவணமாகும். பேச்சு வழக்கில் இப்பணியாளர் 'பெர்சனல் டிரெய்னர்' எனப்படுகிறார். பட்டப்படிப்பு இல்லாமலே சில மாதங்களில் இதைப் பெற முடியும். ஆகவே வேறு பணியிலிருந்து இத்துறைக்கு மாற விரும்பும் பலர் இதனை நாடுகின்றனர். இத்தேர்வு முறை விரிவாக வளர்ந்துள்ள நாடு அமெரிக்கா என்பதால், அந்நாட்டு நடைமுறையே இங்கு முதலில் விளக்கப்படுகிறது. இந்திய நிலை இறுதியில் தரப்பட்டுள்ளது.

உரிமமும் சான்றிதழும்

அமெரிக்காவில் செவிலியர், இயன்முறை மருத்துவர் போன்றோர் மாநில அரசின் உரிமம் பெற்ற பின்னரே தொழில் செய்ய முடியும். தனிநபர் பயிற்சியாளருக்கு எந்த மாநிலமும் அத்தகைய உரிமத்தைக் கட்டாயமாக்கவில்லை. சட்டத்தின் பார்வையில் எவரும் தம்மைப் பயிற்சியாளர் என்று அழைத்துக்கொள்ளலாம். ஆனால் உடற்பயிற்சிக்கூடங்கள் பணியில் சேர்க்கும்போதும், காப்பீட்டு நிறுவனங்கள் தொழில்சார் காப்பீடு வழங்கும்போதும் சான்றிதழைக் கேட்கின்றன.

உரிமம் இல்லாத இடத்தில், நல்ல சான்றிதழ் எது என்று கண்டறியும் பொறுப்பு படிப்பவர் மீதே விழுகிறது. தமிழில் 'சான்றிதழ்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரண்டை இங்கே பிரித்தறிய வேண்டும்.

• பங்கேற்புச் சான்றிதழ்: ஒரு வகுப்பிலோ இணையவழிப் பாடத்திலோ கலந்துகொண்டதற்குத் தரப்படுவது. பெற்றவர் பாடத்தைப் புரிந்துகொண்டாரா என்பதை இது காட்டாது.
• தகுதிச் சான்றிதழ்: மேற்பார்வையுடன் நடக்கும் தேர்வில் வென்றவருக்குத் தரப்படுவது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும்; பின் புதுப்பிக்க வேண்டும்.

தகுதிச் சான்றிதழ்களின் தேர்வு முறையைச் சோதித்து ஏற்பு வழங்கும் அமைப்புகளுள் முதன்மையானது, என்.சி.சி.ஏ. எனப்படும் சான்றளிப்பு முகமைகளுக்கான தேசிய ஆணையம். பெரிய உடற்பயிற்சிக்கூடங்கள் பலவும் இந்த ஏற்பு உள்ள சான்றிதழ்களையே எதிர்பார்க்கின்றன.

முதன்மை அமைப்புகள்

• ஏ.சி.எஸ்.எம். எனப்படும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (1954): பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் இது மருத்துவர்களும் ஆய்வாளர்களும் இணைந்த அறிவியல் சங்கமாகும்.
• என்.எஸ்.சி.ஏ. எனப்படும் தேசிய வலிமை, உடற்தகுதிக் கழகம் (1978): விளையாட்டு வீரர்களுக்கு வலிமைப் பயிற்சி தருவோரால் தொடங்கப்பட்டது.
• ஏ.சி.இ. எனப்படும் அமெரிக்க உடற்பயிற்சிப் பேரவை (1985): இதன் தேர்வில் 150 வினாக்கள், நேரம் 3 மணி.
• என்.ஏ.எஸ்.எம். எனப்படும் தேசிய விளையாட்டு மருத்துவ அகாதமி (1987): 120 வினாக்கள், நேரம் 2 மணி.

இந்நான்கிலும் தேர்வர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பள்ளிக் கல்வியும், சி.பி.ஆர். எனப்படும் இதய இயக்க மீட்பு முதலுதவிப் பயிற்சியும் பொதுவாகத் தேவைப்படுகின்றன. பாடநூல், தேர்வுக் கட்டணம் ஆகியவை சேர்ந்து சில நூறு டாலர் முதல் ஆயிரம் டாலருக்கு மேலும் ஆகலாம்.

பாடப்பொருள்

உடற்கூறியல், உடலியங்கியல், உடல் அசைவியல், ஊட்டச்சத்தின் அடிப்படைகள், பயிற்சித் திட்டமிடல், தொழில் நெறி ஆகியவை பொதுவான பாடங்கள். பயிற்சித் திட்டம் நான்கு கேள்விகளின் மேல் அமைகிறது: வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கடுமையாக, எவ்வளவு நேரம், எந்த வகைப் பயிற்சி. உடல் பழகப் பழகச் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது அடுத்த விதி. பயிற்சியை நிறுத்தினால் பெற்ற வலிமை குறையும் என்பதும் கற்பிக்கப்படுகிறது.

கடுமையை அளக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவரின் வயது 45. ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 70 என்று கொள்வோம்.

• உச்சத் துடிப்பின் மதிப்பீடு: 220 − 45 = 175
• இருப்புத் துடிப்பு: 175 − 70 = 105
• மிதமான பயிற்சியின் கீழ் எல்லை: 105-இல் 40 விழுக்காடு 42, அதனுடன் 70 கூட்ட 112
• மேல் எல்லை: 105-இல் 59 விழுக்காடு ஏறத்தாழ 62; அதனுடன் 70 கூட்ட 132

அதாவது இவருக்கு மிதமான பயிற்சி என்பது நிமிடத்துக்கு 112 முதல் 132 துடிப்பு வரை. இந்தக் கணக்கைக் கைப்பேசிச் செயலியும் செய்துவிடும். பயிற்சியாளர் தேவைப்படுவது இதற்கு அடுத்த படியில்தான். இவர் இரத்த அழுத்தத்துக்காக 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை உட்கொள்பவர் என்றால் மேற்கண்ட எண்கள் பொருந்தா. அம்மருந்து இதயத்துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும். துடிப்பு 132-ஐ எட்டவில்லையே என்று அவரை மேலும் ஓடச்சொன்னால் அவருக்குத் தீங்கு நேரலாம். இத்தகையோருக்கு மருத்துவரின் அறிவுரையைப் பெற்று, சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த உழைப்புணர்வு அளவுகோலையோ, பயிற்சியின்போது தொடர்ந்து பேச முடிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையையோ பயன்படுத்துவர். ஆகவே பயிற்சியாளர் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?' என்பதன்று, 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்பதே.

இத்தகைய கேள்விகளை ஒழுங்குபடுத்தித் தரும் படிவம், 1970-களில் கனடாவில் உருவான 'பார்-கியூ' ஆகும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், இதய நோய், மூட்டுத் தொல்லை போன்றவை பற்றிய ஏழு ஆம்–இல்லை வினாக்கள் அதில் இருந்தன. இதன் விரிவாக்கிய வடிவம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

பணியின் எல்லை

சான்றிதழ் பயிற்சியாளருக்கு எதைச் செய்யும் தகுதியைத் தருகிறதோ, அதே அளவுக்கு எதைச் செய்யக்கூடாது என்பதையும் வரையறுக்கிறது. பயிற்சியாளர் நோயைக் கண்டறிதல், காயத்துக்கு மருத்துவம் செய்தல், மருந்தை மாற்றச் சொல்லுதல் கூடாது. நீரிழிவு போன்ற நோய்க்கு உணவுத்திட்டம் எழுதித்தருவது உணவியல் வல்லுநரின் பணி. தோள்வலியுடன் வருபவரை இயன்முறை மருத்துவரிடம் அனுப்பிவைப்பது பயிற்சியாளரின் குறைபாடு ஆகாது. அவர் முறையாகப் படித்தவர் என்பதற்கு அதுவே அடையாளம்.

பணிமாற்றமாக இதைத் தேர்ந்தெடுத்தல்

இத்துறைக்கு வருவோரில் ஆசிரியர், செவிலியர், படைவீரர், கணினித் துறையினர் எனப் பலர் உள்ளனர். முந்தைய பணியின் திறன் வீணாவதில்லை. ஒரே செய்தியை மூன்று விதமாக விளக்கிச் சொல்லும் பழக்கம் ஆசிரியருக்கு உண்டு. முகம் வெளிறுவதைச் செவிலியர் உடனே கவனிப்பார். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்தவருக்கு அலுவலக ஊழியரின் முதுகுவலி எளிதில் விளங்கும்.

ஆனால் வருமானத்தின் தன்மை மாறிவிடும். வாடிக்கையாளர்கள் அலுவலகம் செல்லும் முன்னும், திரும்பிய பின்னுமே வருவர். அதனால் பயிற்சியாளரின் வேலை விடியற்காலையிலும் மாலையிலும் பிரிந்து கிடக்கும். நடுப்பகலில் ஊதியம் இருக்காது. மாதச் சம்பளத்துக்கு மாறாக, நடத்திய வகுப்புகளின் எண்ணிக்கையே வருமானத்தைத் தீர்மானிக்கும். வாரத்துக்கு இருமுறை வரும் 10 பேரைக் கொண்ட பயிற்சியாளருக்கு 20 வகுப்புகள் இருக்கும். அவர்களுள் 4 பேர் விலகினால் 8 வகுப்புகள் போய்விடும். அதாவது வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. கூடத்தின் வழியாக வரும் வாடிக்கையாளர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கூடமே எடுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பலருக்கும் வேலையோடு சேர்ந்தே கிடைப்பதால், முழுநேரப் பணியை விடுவோர் அதையும் இழக்க நேரிடலாம். இக்காரணங்களால் பணியில் இருந்தபடியே சில மாதங்கள் படித்துத் தேர்வெழுதி, காலையிலோ வார இறுதியிலோ சில வாடிக்கையாளர்களுடன் தொடங்கி, வருமானம் நிலைத்த பின் பழைய பணியை விடுவது பாதுகாப்பான வழியாகக் கருதப்படுகிறது.

தேர்வில் வென்றதோடு செலவும் படிப்பும் முடிவதில்லை. ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். ஆகியவற்றின் சான்றிதழை 2 ஆண்டுக்கு ஒருமுறை 20 மணிநேரத் தொடர்கல்வியுடன் புதுப்பிக்க வேண்டும். மற்ற இரண்டிலும் இச்சுழற்சி 3 ஆண்டு.

இந்தியாவில்

இந்தியாவிலும் தனிநபர் பயிற்சியாளர் தொழிலுக்கு நாடு தழுவிய கட்டாய உரிமம் இல்லை. 2013-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ், விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதி, ஓய்வுநேரச் செயல்பாடுகளுக்கான திறன் மன்றம் உடற்பயிற்சியாளர் பணிக்கான தகுதிகளை வகுத்துள்ளது. அமெரிக்க அமைப்புகளின் தேர்வுகளை எழுதுவோரும் உள்ளனர். எங்கே படித்தாலும் தேர்வை யார் நடத்துகிறார், மேற்பார்வை உண்டா, புதுப்பித்தல் உண்டா, முதலுதவிப் பயிற்சி கேட்கப்படுகிறதா என்ற நான்கையும் பணம் கட்டும் முன் கேட்டறிவது நன்று.

இச்சான்றிதழை உடற்கல்விப் பட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி போன்றவை வழங்கும் பி.பி.எட். பட்டம், பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கானது. 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம், குறிப்பிட்ட ஒரு விளையாட்டில் பயிற்றுநர் ஆவதற்கானது. தனிநபர் பயிற்சியாளர் சான்றிதழால் இவ்விரு பணிகளுக்கும் செல்ல இயலாது. அதேபோல் அப்பட்டம் பெற்றவரும், மாத்திரையும் மூட்டுவலியுமாக வரும் ஐம்பது வயதுக்காரருக்குப் பயிற்சி தரும் முன், அதற்குரிய பாடத்தைத் தனியே படிப்பது நல்லது.