ஒரே மருந்து, இரு விளைவுகள்: புற்றுநோய் உயிரணுவின் தாங்குதிறன்

உயிரணுவுக்குள் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் ஒரு வலையமைப்பாக இயங்குகின்றன. அதில் ஓர் இழை அறுந்தாலும் பணி பெரும்பாலும் வேறு வழியில் தொடரும். ஈஸ்ட்டின் ஏறத்தாழ 6,000 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது, ஆய்வகச் சூழலில் ஐந்தில் ஒரு பங்கே உயிர்வாழ இன்றியமையாதது எனத் தெரியவந்தது. உடலைக் காக்கும் இத்தாங்குதிறன் புற்றுநோய் உயிரணுவுக்கும் உண்டு.

பிஆர்ஏஎஃப் மரபணுவில் ஏற்படும் வி600இ என்னும் மாற்றம், உயிரணுவை இடைவிடாது பெருகத் தூண்டுகிறது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இம்மரபணு மாற்றமடைந்திருக்கும். மாறிய புரதத்தைத் தடுக்கும் வெமுராஃபெனிப் மருந்துக்கு 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அம்மாற்றமுள்ள மெலனோமா நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கட்டிகள் சுருங்கின. இதே மாற்றம் கொண்ட பெருங்குடல் புற்றுநோயில் மட்டும் அம்மருந்து தனித்து அளிக்கப்பட்டபோது பெரிதும் பயன் தரவில்லை.

இதற்கான விளக்கம் 2012இல் வெளிவந்தது. பிஆர்ஏஎஃப் புரதத்தின் செயல்பாடு, உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள இஜிஎஃப்ஆர் என்னும் ஏற்பியைப் பின்னூட்டத்தின் வழியாக அடக்கி வைக்கிறது. மருந்து அப்புரதத்தைத் தடுத்ததும் இந்த அடக்கமும் நீங்குகிறது. ஏற்பி விழித்தெழுந்து, பெருகுவதற்கான கட்டளையை மீண்டும் பிறப்பிக்கிறது. மெலனோமா உயிரணுக்களில் இந்த ஏற்பி மிகக் குறைவு என்பதால் இவ்வழி எளிதில் திறப்பதில்லை. மருந்து தன் இலக்கைச் சரியாகவே தாக்கியது. வலையமைப்பு சுற்றுவழி கண்டுகொண்டது.

ஆகவே இரு வழிகளும் ஒருங்கே அடைக்கப்பட்டன. பிஆர்ஏஎஃப் புரதத்தைத் தடுக்கும் என்கோராஃபெனிப் மாத்திரையுறையும், இஜிஎஃப்ஆர் ஏற்பியைத் தடுக்கும் செடுக்சிமாப் ஊசிமருந்தும் இணைத்து ஆராயப்பட்டன. முன்னரே சிகிச்சை பெற்றும் நோய் முற்றியவர்களிடம் நடந்த ஆய்வில், ஒப்பீட்டுச் சிகிச்சை பெற்ற குழுவின் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் 5.4 மாதங்கள், இணைமருந்து பெற்ற குழுவில் அது 8.4 மாதங்கள். இது நோய் முற்றிலும் குணமாவதைக் குறிக்காது. எனினும் வேறு வழி அரிதாயிருந்த நோயாளிகளுக்கு இது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமே. 2020 ஏப்ரலில் இவ்விணைக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது.

இஜிஎஃப்ஆர் இயல்பான தோலிலும் இருப்பதால், செடுக்சிமாப் பெறுபவர்களுக்கு முகப்பரு போன்ற தடிப்புகள் தோன்றுவது வழக்கம். அவை தொல்லை தருமாயின் மருத்துவரிடம் தெரிவிக்கவும். மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். பெருங்குடல் புற்றுநோய்க்கு இவ்விணை அளிக்கப்படும்போது செடுக்சிமாப்பை நிறுத்த நேர்ந்தால், என்கோராஃபெனிப்பையும் நிறுத்த வேண்டும் என்றே அதன் மருந்துக் குறிப்பு அறிவுறுத்துகிறது.